விளக்கு வைக்கும் நேரத்துச் சர்க்கரை

என் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தபோதுதான் சுவர் விளக்கு இரண்டாவது முறையாகச் சிவந்தது. சிவந்தது என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கண்ணுக்கு அது சுவரில் ஒட்டிய ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பிரித்துப் பார்க்கிற கண் போய் ஒரு வருடம் ஆகிறது.

“என்னத்தத் தின்னிய?” என்றாள் ராமலட்சுமி.

“ஒண்ணும் திங்கல.”

“அப்ப விளக்கு கோட்டி பிடிச்சு எரியுதாக்கும்?”

“அத விளக்குகிட்டயே கேளு.”

கோமதி என் கைக்கு அடியிலிருந்து தலையை உருவிக்கொண்டாள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். “தின்னிருந்தா தின்னேன்னு சொல்லிருங்கப்பா. ஏன் என் தலைல அடிச்சுப் பொய் சொல்லுதிய?” என்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விளக்கைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். அது அரசாங்கச் சொத்து. கை வைத்தால் அன்றைக்கே என் பேரை அடித்துவிடுவார்கள்.

என் பேர் அய்யாத்துரை. ஊரில் அம்பயர் சார் என்றால்தான் தெரியும். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைத் தொடாத பையன் அபூர்வம். அந்தப் பையன்களுக்கு விசில் ஊதியே எனக்குத் தலை நரைத்தது. நான் கண்ணால் பார்த்ததைத்தான் ஊதுவேன். பந்து காலில் பட்ட மாதிரி இருந்தது, சத்தம் கேட்ட மாதிரி இருந்தது என்றெல்லாம் ஊத மாட்டேன். பார்க்கவில்லையா, ஆட்டம் நடக்கட்டும். இதற்காக ஒரு முறை வெளியூர் ஆட்கள் என் சைக்கிளைத் தூக்கி ஊருணியில் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். அப்படிப்பட்ட என் வாயை நம்பாமல், கண்ணே இல்லாத ஒரு விளக்கை என் வீட்டு ஆட்கள் நம்புகிறார்கள். வயிறு எரியுமா எரியாதா?

விஷயம் இதுதான். சர்க்கரை நோய் என் விழித்திரையை அரித்துவிட்டது. முன்பு என்றால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இப்போது நம் தோலில் ஒரு துணுக்கு எடுத்து, ஆய்வுக்கூடத்துத் தட்டில் வைத்துப் புது விழித்திரை வளர்த்துவிடுகிறார்கள். எனக்கும் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதைக் கண்ணில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை.

விழி மையத்திலிருந்து வரும் ஜெசிந்தா என்ற பெண் அதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. “நாத்து நல்லா வளந்துரும் சார். நடுத வயல் உப்பா இருந்தா கருகிப் போகும்லா? அந்த வயல் ஒங்க ரத்தம். ஒரு மண்டலம் சர்க்கரைய அடக்கிக் காட்டுங்க. காட்டிட்டா கண்ணு ஒங்களுக்கு.”

ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். முழங்கைக்கு மேலே தோலுக்கடியில் மிளகு அளவில் ஒரு மணியை வைத்தார்கள். சுவரில் விளக்கு. சோறு, கீரை, பழம் இவற்றால் வரும் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும். அதை மணி கண்டுகொள்ளாது. சீனி, வெல்லம், கருப்பட்டி என்றால் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு ஐந்து தேக்கரண்டிக்கு உள்ளே நின்றால் பச்சை. விளிம்பில் நின்றால் மஞ்சள். தாண்டினால் சிவப்பு. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அன்றைய கணக்கு முடியும். மூன்று சிவப்பு விழுந்தால் பேர் போய்விடும். எனக்கென்று வளர்ந்தது வேறு யாருக்கும் ஒட்டாது, கொட்டிவிட வேண்டியதுதான். மறுபடி வரிசையில் நின்று முறை வருவதற்குள் இருக்கிற மங்கலும் இருட்டாகிவிடும்.

ஹாக்கியில் பச்சை அட்டை காட்டினாலே ஆட்டக்காரன் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார வேண்டும். இங்கே பச்சை என்றால் நல்ல பிள்ளை. அதிலேயே எனக்கு ஆரம்பத்தில் தலை சுற்றியது.

விளக்குக்கு வாயும் இருந்தது. முதல் வாரம் ஒரு நாள் அது “மஞ்சள்” என்று கணீரென்று அறிவித்ததில், எதிர் வீட்டு மனிதர் வாசலில் நின்று “என்ன சார், இன்னைக்கு அல்வாவா?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே ராமலட்சுமி அதன் வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நிறத்தை அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் என்னைக் குறை சொல்ல முடியாது. காலையில் கம்பங்கஞ்சியும் சின்ன வெங்காயமும். மத்தியானம் ஒரு கரண்டி கைக்குத்தல் அரிசிச் சோறு, தட்டு நிறையக் கீரை, சுரைக்காய்க் கூட்டு, கிடைத்தால் சாளை மீன். சாயங்காலம் பாசிப்பயற்றுச் சுண்டல். காப்பியில் சீனி கிடையாது. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற வாசனை தெரு முழுக்க வரும் ஊரில் இப்படி ஒரு மனிதன் இருந்தான் என்றால் அவனுக்குச் சிலை வைக்க வேண்டும்.

முதல் சிவப்பு நியாயமான சிவப்பு. ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அம்மன் கோயிலில் பானகம் ஊற்றினார்கள். இரண்டு தம்ளர் குடித்தேன். சாயங்காலம் விளக்கு சிவந்ததும் ராமலட்சுமி கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. பிரசாதத்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? விரதம் இருப்பவன்கூடக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்கிறான். கோயிலுக்குக் கூடவே வந்திருந்த கோமதி போட்டு உடைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

“இத மறந்த ஆளு இன்னும் என்னென்னத்த மறப்பியளோ” என்றாள் ராமலட்சுமி. அவள் பயம் அவளுக்கு. என் கண் போனால் எனக்கு இருட்டு. அந்த இருட்டுக்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவள் அவள். மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அவள் குத்துவிளக்கை ஏற்றுவாள். கோமதியைச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைப்பாள். நான் மகள் தலையில் கை வைத்து, இன்றைக்கு இனிப்பு எதுவும் என் வாயில் படவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் எல்லாரும் சுவர் விளக்கைப் பார்ப்பார்கள்.

அந்தச் சத்தியத்தில்தான் இரண்டாவது சிவப்பு விழுந்தது. அன்றைக்கு நான் கோயில் பக்கமே போகவில்லை.

அதிலிருந்து பிடித்தது குழப்பம். ராமலட்சுமி புளிக்குழம்பில் போடும் ஒரு சிட்டிகைக் கருப்பட்டியை நிறுத்தினாள். பற்பசை இனிக்கிறது என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு எனக்கு வேப்பங்குச்சி ஒடித்துக் கொடுத்தாள். இருமலுக்குச் சாப்பிட்ட லேகியம் ஜன்னல் வழியாகப் போனது. கடைசியில் நானே மையத்துக்குப் பேசி, “பாகு வாசனைய மோந்தாலே சர்க்கரை ஏறுமாம்மா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மையத்தில் என்னை மூன்று நாள் தங்க வைத்துப் பார்த்தார்கள். மூடி போட்ட தட்டில் சாப்பாடு. மூன்று நாளும் பச்சை. பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை, மணி அசையவே இல்லையாம். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே மஞ்சள்.

“அங்க பச்சை, இங்க மஞ்சள்” என்றாள் ராமலட்சுமி. “அப்ப வீட்டுலதான என்னமோ நடக்கு?”

“வீட்டுல நீதான் இருக்க. நீயே சொல்லு.”

“நான் எப்பப் பாத்தாலும் ஒங்களயே பாத்துட்டு இருக்க முடியுமா? குளிக்கப் போறேன், கடைக்குப் போறேன்.”

“சரி. அடுப்படியப் பூட்டிரு.”

கோபத்தில் சொன்னேன். அவள் நிஜமாகவே பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவளைக் கூப்பிட வேண்டும். அப்படியும் மஞ்சள். மறுநாளும் மஞ்சள், சிவப்பை உரசிக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. பானகத்தை மறந்தவன்தானே நான்? தூக்கத்தில் எழுந்து நடக்கிறேனா? வாயில் எதையாவது போட்டுக்கொண்டு அதைப் போட்டதையே மறந்துவிடுகிறேனா? கண்தான் போயிற்று என்று நினைத்தால் புத்தியும் போகிறதா? சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்ப்பேன், மிட்டாய்த் தாள் இருக்கிறதா என்று. விரல்களை மோந்து பார்ப்பேன். சாயங்காலம் ராமலட்சுமி தீப்பெட்டியை உரசுகிற சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்த்துவிடும். அந்தக் கையைத்தான் மகள் தலையில் வைக்க வேண்டும். அவள் தலை மட்டும் என்றாலும் பரவாயில்லை, உள்ளே இன்னொரு தலை இருக்கிறது. எனக்கே தெரியாமல் நான் எதையாவது தின்றிருந்தால், இந்தச் சத்தியம் யார் மேல் போய் விழும்? நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். தப்பு செய்தவன் மாதிரியே நிற்பேன்.

மண்டலம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். பகல் பூராவும் என் கூடவே உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு திரை. மணி சொல்வதெல்லாம் அதில் கோடாக ஓடுமாம். நான் சாப்பிட்டதைப் பார்த்தாள், பல் தேய்த்ததைப் பார்த்தாள், கொல்லைப்புறம் போனால்கூடக் கதவு வரைக்கும் வந்தாள். சாயங்காலம் வரை கோடு கிடையாகக் கிடந்தது.

ராமலட்சுமி தீப்பெட்டியை உரசினாள். கோமதி வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து போனேன்.

“இது என்னம்மா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“சத்தியம் பண்ணுவாரு. தினமும் உள்ளதுதான்.”

நான் கையை வைத்தேன். வாய் திறந்து பாதி சொல்லியிருப்பேன். ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது.

“சார், கைய எடுங்க.”

“இன்னும் முடிக்கல.”

“முடிக்க வேண்டாம் சார், எடுங்க. கோடு ஏறுது.”

ராமலட்சுமிதான் முதலில் பேசினாள். “வாயில ஒண்ணுமே இல்லையே. எதுத்தாப்புலதான நிக்காரு.”

“வாய மணி பாக்காதும்மா. ரத்தத்த மட்டுந்தான் பாக்கும். நம்ம ஈரலுக்குள்ள கொஞ்சம் சர்க்கரை எப்பவும் சேத்து வச்சிருக்கும். நாய் தொரத்துனா ஓடணும்லா? அதுக்காக. பயந்தா ஈரல் அத மொத்தமா ரத்தத்துல எறக்கிவிட்டுரும். சீனி தின்ன மாதிரியே சட்டுன்னு ஏறும். ரெண்டுக்கும் வித்தியாசம் மணிக்குத் தெரியாது.”

“பயமா?” என்றாள் ராமலட்சுமி. “திங்காத மனுசனுக்கு என்ன பயம்?”

நான் சொன்னேன். “பிள்ள தலைல கை வைக்கேன்ட்டி. பயப்படாம என்ன செய்ய?”

அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதலா, ஆத்திரமா தெரியவில்லை. நான் எதையும் தின்னவில்லை, எனக்குப் புத்தி பிசகவில்லை, அது மட்டும் தெரிந்தது. இத்தனை நாளும் என்னைக் குற்றவாளி ஆக்கியது, குற்றவாளி இல்லை என்று நான் செய்த சத்தியம். பார்க்காமலே விசில் ஊதியிருக்கிறது அந்தச் சனியன் பிடித்த விளக்கு.

“அப்ப அந்த ரெண்டாவது சிவப்ப அழிச்சிருங்க” என்றேன்.

“அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல சார். மேல எழுதுதேன். முடிவு வாரதுக்குள்ள மண்டலம் முடிஞ்சிரும். இன்னொரு சிவப்பு விழாமப் பாத்துக்கோங்க. சத்தியம் வேண்டாம். கேள்வியும் வேண்டாம்.” அன்றைக்கும் மஞ்சளில்தான் நின்றது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராமலட்சுமி அடுப்படிப் பூட்டைத் திறந்து வைத்தாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. இரவுச் சாப்பாட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவள் குத்துவிளக்கு ஏற்றினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் நின்றதும் கோமதி அந்த நேரத்தில் உள்ளறையை விட்டு வருவதையே நிறுத்திவிட்டாள். நடந்து போய்ச் சுவர் விளக்குக்கு முன்னால் நின்றாள். வளையல் சத்தம் நின்றுவிட்டது. மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. என்ன நிறம் என்று பார்க்கிறாள், பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கண் தெரியாதவனுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். என் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது.

“மஞ்சள்” என்றாள் மெல்ல.

“நீ கேக்காம நிக்கது, கேக்கத விடக் கஷ்டமா இருக்குட்டி.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“சொல்லல. ஆனா நெனைக்கியே.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் என்னதான் செய்யட்டும்? கேட்டாலும் ஏறுது, கேக்காட்டியும் ஏறுது. நம்புத மாதிரி நடிக்கவா?”

“நடிச்சா எனக்குத் தெரிஞ்சிரும்.”

“அப்ப நெசமா நம்பணுமாக்கும்” என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. அந்த விளக்கிடம் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. ஒரு மனுஷியின் மனதைக்கூட அது கணக்கில் சேர்க்கிறதே என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. கட்டளை போட்டால் வருகிற சமாசாரமா நம்பிக்கை?

அடுத்த நாள் தீப்பெட்டி உரசிய சத்தம் கேட்டதும் நான் வழக்கம் போல வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராமலட்சுமி சுவர்ப் பக்கமே போய் நிற்கவில்லை. அடுப்படிக்குப் போகிற போக்கில், முருங்கைக்கீரை உருவ வேண்டும் என்று சொல்கிற அதே குரலில், “பச்சைங்க” என்றாள்.

“என்னது?”

“பச்சை. காதும் செவிடாயிருச்சா?”

அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. என் மூச்சு அப்படியே கீழே இறங்கியது. அதற்கடுத்த நாளும் பச்சை. அதற்கடுத்த நாள் நான் வேர்க்கவே இல்லை. அவள் “பச்சை” என்று சொல்வதற்கு முன்பே சுண்டலைத் தின்ன ஆரம்பித்திருந்தேன். சத்தியம் போனது, சந்தேகம் போனது, பச்சை வந்துவிட்டது என்று மையத்துக்கே போன் செய்து எடுத்த யாரிடமோ பெருமையடித்துக்கொண்டேன். பொண்டாட்டி நம்பினால் ஈரல்கூடச் சொன்ன பேச்சு கேட்கும் என்று எதிர் வீட்டு மனிதரிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ.

மண்டலம் முடிந்தது. மூன்றாவது சிவப்பு விழவில்லை. கண்ணில் புது நாற்றை நட்டார்கள்.

கட்டைப் பிரித்த பிறகு நான் பார்த்ததை எல்லாம் சொல்லப் போனால் விடியாது. கோமதியின் வயிறு அவ்வளவு பெரிதாகியிருந்தது. ராமலட்சுமிக்கு முன்நெற்றி முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஜெசிந்தா சுவர் விளக்கைக் கழற்றிக்கொண்டு போக வந்தாள். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

“கடைசிப் பத்துப் பன்னெண்டு நாளு என்ன பயம் காட்டிட்டிய சார். ஆரம்பத்துல நாலஞ்சு நாளு அப்படியே மஞ்சள்லதான் நின்னுச்சு. ஒரு நாளு சிவப்புக்கு நூலளவுதான் பாக்கி. அப்புறம்தான் நெசமாவே பச்சைக்கு எறங்குச்சு.”

“மஞ்சளா?” என்றேன். “சத்தியத்த விட்டதுக்கு மறுநாளு ஒண்ணு மஞ்சள். அதுக்கப்புறம் எல்லாம் பச்சைன்னுல்லா இவ சொன்னா?”

அடுப்படியில் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.

ராமலட்சுமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். இப்போது எனக்கு அவள் முகம் தெரிகிறது. பந்து காலில் பட்ட எத்தனை பையன்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ‘படவே இல்ல சார்’ என்று சொல்லிக்கொண்டு என் கண்ணைப் பார்க்காமல் புல்லைப் பார்ப்பார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நெசமாவே பச்சையா இருந்துச்சு?” என்று கோமதி கேட்டாள்.

“பச்சைதான்” என்றாள் அவள். “எல்லா நாளும் பச்சைதான். ஒன் தலைல அடிச்சு...”

கையைத் தூக்கிவிட்டாள். மகள் தலைக்கு ஒரு சாண் இருக்கும்போது நான் எட்டிப் பிடித்துவிட்டேன். துடைத்த கைதான். ஆனால் உள்ளங்கை வேர்த்திருந்தது.

“சத்தியமெல்லாம் வேண்டாம்” என்றேன். “பச்சைதான். நான் பாத்தேன்.”

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி விளக்கைக் கழற்ற ஆரம்பித்தாள்.